எம்புட்டு நாள் கோளாறு?

ஊர்க்காவலனின் லாரி தன் மெக்கானிக் பட்டறைக்கு நேர் எதிரே இருமி அணைந்து நின்றதும் வெள்ளைத்துரைக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

ரோட்டுக்கு வந்து, டீக்கடையில் நின்றவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

“எல்லாரும் இங்கன வாங்கய்யா. எம் பொஞ்சாதி சாகக் கிடந்தப்ப ஸ்டார்ட் ஆகாத வண்டி வந்திருக்கு!”

திருத்தங்கலில் அந்தக் கதை தெரியாதவர்கள் இல்லை. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறை வெடித்தபோது அவர் மனைவி பொன்னுத்தங்கம் உள்ளே இருந்தாள். காலி அட்டைப்பெட்டிகளை இறக்கிவிட்டு ஊர்க்காவலனின் லாரி கேட்டிலேயே நின்றது. வெந்து கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்களிடம், வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றான் அவன்.

ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. அவளை ஏற்றிக்கொண்டு அது போன பத்தாவது நிமிடம், அதே லாரி உறுமிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனதை எல்லோரும் பார்த்தார்கள். பொன்னுத்தங்கம் ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை.

அன்றிலிருந்து வெள்ளைத்துரைக்கு இதுதான் வேலை. ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் போய் நின்று, ‘போலீஸ் கேசுக்குப் பயந்து எம் பொஞ்சாதியைக் கொன்னவன்’ என்று சொன்னார். ஊர்க்காவலனுக்குச் சீசனில்கூட லோடு கிடைக்காமல் போனது. மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தமும் முறிந்தது. வெள்ளைத்துரைக்கு அது போதவில்லை.

ஊர்க்காவலன் இறங்கி வந்தான். ஆள் பாதியாகியிருந்தான்.

“ஓடிக்கிட்டே இருக்கும் அண்ணாச்சி, பட்டுனு நின்னுரும். அப்புறம் எம்புட்டு செல்ஃப் அடிச்சாலும் பிடிக்காது. ஒரு மணி நேரம் விட்டா தானாப் பிடிச்சுக்கிடும். அன்னைக்கும் இதே கோளாறுதான்.”

“பொய் சொல்லாதலே! அந்த வருசம் வரைக்கும் இந்த வண்டிக்கு வேலை பார்த்தவன் நான். என் கை பட்ட வண்டி நிக்குமாலே?”

“நிக்குதே அண்ணாச்சி.”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். வெள்ளைத்துரைக்குச் சுருக்கென்றது.

“சரிலே. கோளாறைப் பார்த்தா அது எம்புட்டு நாளா இருக்குன்னு எனக்குத் தெரியும். புதுக் கோளாறா இருந்துச்சுன்னா, அன்னைக்குப் பொய் சொன்னேன்னு இத்தனை பேர் முன்னால நீ ஒத்துக்கணும்.”

“பாருங்க. கண்டுபிடிச்சாப் போதும்.”

சாவியைத் திருப்பினார். செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றியது. சைலன்சரில் துளிப் புகை இல்லை. எஞ்சினுக்கு டீசல் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஃபில்டரைக் கழற்றினார். புதுசு. டீசல் பம்பும் புதுசு.

“எல்லாம் மாத்திப் பார்த்தாச்சு அண்ணாச்சி. சாத்தூர், மதுரைன்னு காட்டாத எடமில்லை. டேங்கு அந்த வருசம் நீங்க கழுவிக் கொடுத்ததாச்சே, அதை மட்டும் யாரையும் தொட விடலை.”

வெள்ளைத்துரை அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு கேனில் டீசல் ஊற்றி, அதிலிருந்து நேராகப் பம்புக்குக் குழாய் கொடுத்தார். காற்றை வெளியேற்றிவிட்டுச் சாவியைத் திருப்ப, எஞ்சின் ஒரே அடியில் பிடித்தது. கால் மணி நேரம் பிசிறில்லாமல் ஓடியது.

“பார்த்தீகளாய்யா? எஞ்சினுக்கு ஒரு சீக்கும் இல்லை. அன்னைக்கு வேணும்னேதான் நிறுத்தியிருக்கான்!”

டீக்கடை மணிகண்டராஜ் முன்னால் வந்தார். “கேன்ல ஓடுது, டேங்குல ஓடலை. அப்ப டேங்கையும் பார்த்துருங்க அண்ணாச்சி.”

வெள்ளைத்துரை எரிச்சலோடு டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். டீசல் இழுக்கும் குழாயின் வாய்க்குக் கீழே ஏதோ மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தார்.

ஒரு துணி.

வண்டி ஓடும்போது டீசலோடு இழுபட்டுக் குழாய் வாயை அடைத்துக்கொள்ளும். எஞ்சின் அணைந்து கொஞ்ச நேரம் ஆனால் தானாக விடுபட்டு விழுந்துவிடும். கூட்டத்தில் இருந்த டிரைவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளைத்துரை அதைப் பிழிந்து விரித்தார். டீசலில் ஊறிக் கறுத்திருந்தாலும் சுங்குடிச் சேலையின் வெள்ளைப் புள்ளிகள் மங்கலாகத் தெரிந்தன. நூல் பிரிந்து வண்டிக்குள் போய்விடக் கூடாதென்று நாலு ஓரத்தையும் மடித்துத் தைத்திருந்தது. எண்ணெய் துடைக்கும் துணிக்கு யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

அவர் விரல்கள் துணியின் மேல் மூடின. கசக்கிச் சாக்கடையில் எறிந்தால் அது யார் துணியென்று கேட்க ஆளில்லை. ஊர்க்காவலன் ஓரடி முன்னால் வந்தான்.

“சொல்லுங்க அண்ணாச்சி. புதுக் கோளாறா, பழசா?”

வெள்ளைத்துரை கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அந்தத் துணியை எல்லோருக்கும் தெரியும்படி விரித்துக் காட்டினார்.

“பழசுதான்யா. டேங்கு துடைக்கன்னு எம் பொஞ்சாதி எனக்குத் தைச்சுக் கொடுத்த துணி.”