எண்ணாத மரங்கள்

நாய் காட்டுப் பக்கம் ஓடியதும் பெரியவர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார். மூச்சிரைக்கத் துரத்திப் பிடித்து, இழுத்துவந்து வாசல் கம்பியில் கட்டினார்.

“அது அங்க போகக் கூடாதும்மா. எதையாவது தோண்டிப் போட்டுரும்.”

ஆய்வுக்கு வந்திருந்த பெண்ணுக்கு என்னவோ போலிருந்தது. சொந்த நிலத்தில் காட்டை விட்டுவைத்திருப்பவர்கள் ஏன் விட்டுவைத்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது அவள் வேலை. இதுவரை பார்த்த நாற்பது பேரும் கொஞ்சமாவது வெட்டி விற்றவர்கள். இவர் மட்டும் நூற்றிருபது ஏக்கரில் ஒரு கிளையைக்கூட ஒடித்ததில்லை.

“பறவைக்காகவா ஐயா?”

“காக்காயைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“பேரன் பேத்திக்குன்னு வச்சிருக்கீங்களா?”

“பொண்ணுக்கு இன்னும் கல்யாணமே ஆகல.”

அவள் ஒப்பந்தத் தாளை நீட்டினாள். மரத்தை வெட்டாமல் இருந்தால் வருடாவருடம் உதவித்தொகை. வருடத்துக்கு ஒரு முறை இரண்டு பேர் உள்ளே போய் மரங்களை எண்ணுவார்கள். பெரியவர் நிதானமாகப் படித்து, கடைசி வரியை மட்டும் அடித்தார்.

“வெட்ட மாட்டேன்னு எழுதித் தரேன். பணம் வேண்டாம். யாரும் உள்ள போகக் கூடாது.”

“நீங்க போவீங்கல்ல?”

“போய் ஒன்பது வருஷமாச்சு.”

அவருடைய நாற்காலி காட்டைப் பார்த்தே கிடந்தது. அதன் கால் பட்ட இடத்தில் தரை குழிந்திருந்தது. பையை மூடிக்கொண்டு எழுந்தவள் பேசாமல் போயிருக்கலாம், மனசு கேட்கவில்லை.

“உள்ள என்ன இருக்குங்கய்யா?”

அவர் கோபப்படவில்லை. இத்தனை நாளாக யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவர்போல் சொன்னார்.

“என் பொண்ணு. பன்னெண்டு வயசுல பழம் பறிக்கப் போனா, திரும்பல. பத்து நாள் சல்லடை போட்டுத் தேடியும் முள்ளுப்புதருல பாதிக் காட்டுக்கு மேல போக முடியல. மிச்சத்தை வெட்டித் தேடுறோம்னு மெஷினோட வந்தாங்க. நான்தான் குறுக்க நின்னு திருப்பி அனுப்பினேன்.” மரங்களைப் பார்த்தபடி லேசாகச் சிரித்தார். “இப்ப அவளுக்கு இருபத்தொண்ணு நடக்குது.”

“ஐயோ, ஏங்கய்யா தடுத்தீங்க? வெட்டியிருந்தா அப்பவே கிடைச்சிருப்பாளே.”

“அதுக்குத்தாம்மா வெட்ட விடல.”