துண்டு போட்ட டிஸ்க்

"லினக்ஸ் டிஸ்க்கை நான் சொன்ன ஃபார்மேட்லதானே போட்டீங்க, பொற்கொடி?" மேனேஜர் சசிதரின் முகம் இறுகியிருந்தது.

"இல்லீங்க சார்."

சரவணம்பட்டி அலுவலகமே நிமிர்ந்து பார்த்தது. டீம் லீடர் நாற்காலி காலியாக இருந்தது. அதற்குப் பொற்கொடியின் பெயரும் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம்.

"டிஸ்க்கைப் பிரிக்காம ஒரே பார்ட்டிஷன் போதும், லேபிள் வேண்டாம்னு சொன்னனுங்களா இல்லீங்களா?"

"சொன்னீங்க சார். ஆனா அந்த மெயின்ஃபிரேம் பெரிய கம்ப்யூட்டர்ல நம்ம லினக்ஸ் மட்டும் ஓடலீங்களே. இதுல ஆளிருக்குன்னு பக்கத்து சிஸ்டத்துக்குப் புரியற லேபிள் இல்லாட்டி, அது காலி டிஸ்க்குன்னு நெனச்சுக்கும். வால்பாறை பஸ்ஸுல துண்டு போடாம டீ குடிக்க எறங்குனா, திரும்பி வாரப்ப சீட்டு இருக்குங்களா? அதான் லேபிள் வெக்கற ஃபார்மேட்டுக்கு மாத்திப்போட்டேன்."

சசிதர் கண்ணாடியைக் கழற்றினார்.

"காலையில பக்கத்து டீம், காலி டிஸ்க்குன்னு காட்டுனதையெல்லாம் அழிச்சுப்போட்டாங்க. நான் ஃபார்மேட் பண்ணுனது அத்தனையும் போச்சு. கஸ்டமர் டேட்டா இருக்கற உங்க டிஸ்க்கு மட்டுந்தான் அப்படியே நிக்குதுங்க."

எழுந்தார். தன் நாற்காலி முதுகில் கிடந்த வெள்ளைத் துண்டை உருவி, டீம் லீடர் நாற்காலியில் விரித்தார்.

"உக்காருங்க அம்மணி. இனி இந்தச் சீட்டுக்கு வேற யாரும் வரமாட்டாங்க."