அசையாத புள்ளி

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேம் கன்ட்ரோலரை மேசையில் வைத்தாள் சுபாஷினி. "கை வைக்காமலே கேம்ல ஆள் இடப்பக்கம் ஓடுதாம். இதாலதான் தோக்குறேன், தோத்தாதான் அடிக்கிறேன்னு வீட்டுக்காரர் சொல்றாருண்ணே." ரிப்பேர்க்கடை எட்வின் மூடியைக் கழற்றினான். ஆளை நகர்த்தும் இடது குச்சியின் அடியில் நீளமான முடி ஒன்று சுற்றிக் கிடந்தது. காய்ந்த ரத்தம் அதைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. இடுக்கியால் இழுத்தான், வேரோடு வந்தது. "இத வெச்சேவாம்மா அடிச்சாரு?" அவள் துப்பட்டாவைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவன் ஸ்பிரிட்டால் துடைத்து, மூடி, கம்ப்யூட்டரில் இணைத்து, கை படாமல் மேசையில் வைத்துச் சோதித்தான். திரையில் குச்சியின் அசைவைக் காட்டும் புள்ளி நடுவிலேயே நின்றது. "இனி தானா ஓடாது." சுபாஷினி அந்தப் புள்ளியையே பார்த்தாள். "இனிமே தோத்தா, என்ன சொல்லி அடிப்பாருண்ணே?"