தெருவின் ஐ.பி.எஸ்.

சில்வியாவின் அப்பா குடிக்கவேண்டிய மோரில், மாடியில் வாடகைக்கு இருக்கும் ஃபிராங்க்ளின் ஏதோ வெள்ளைப் பொடியைக் கலந்துகொண்டிருந்தான். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் சமையலறை ஜன்னல் வழியே அதைப் பார்த்துவிட்டாள்.

அப்பா மதலைமுத்துவுக்கு ஏற்கெனவே வயிறுதான் பகை. சாப்பிட்டால் கலக்கும், சாப்பிடாவிட்டால் உப்பும். பஸ் ஹாரன் சத்தம் கேட்டாலே கழிப்பறைக்கு ஓடுவார். தர்மபுரி டாக்டர் எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு, "புண்ணு, கட்டி ஒண்ணும் இல்லீங்க. குடல் சும்மா சும்மா கோவிச்சுக்குது. இங்கிலீஷ்ல இதுக்குச் சுருக்கப் பேரு ஐ.பி.எஸ்." என்றார். பென்னாகரம் சவேரியார் தெருவுக்கு இது போதாதா? அன்றிலிருந்து மதலைமுத்து, தெருவின் ஐ.பி.எஸ். ஆபீசர் ஆகிவிட்டார்.

பட்டம் பொருத்தமாகவும் இருந்தது. வருஷா வருஷம் தெருவே பஸ் பேசி வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போகும். அவர் மட்டும் வீட்டைவிட்டு அசைய முடியாமல் காவல் இருப்பார். கூட்டத்தில் பறிபோகும் என்று பயந்து, எல்லோரும் நகைகளைக் கழற்றி அவர் பீரோவில் வைத்துவிட்டுப் போவார்கள். செத்துப்போன மனைவி இசபெல்லா நேர்ந்துகொண்ட மெழுகுவர்த்தியை மாதாவுக்கு ஏற்ற முடியவில்லையே என்று அவர் அழாத திருவிழா இல்லை.

அப்படிப்பட்ட மனிதருக்கா விஷம்?

ஃபிராங்க்ளின் குடிவந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அதற்குள் 'அங்கிள், அங்கிள்' என்று குழைந்து, மோர் கலக்கித் தருகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டான். வீடு வேறு அப்பா பெயரில் இருக்கிறது. போதாக்குறைக்கு, "எனக்கு இன்னொரு புள்ள கெடச்சிருக்கான்டி" என்று அப்பா அவளிடமே பூரித்தார்.

அவன் சமையல் மேடையில் மறந்துவிட்டுப்போன கேப்ஸ்யூல் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு சில்வியா டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இது ப்ரோபயாடிக்மா. குடலுக்கு நல்லது பண்ற பாக்டீரியா. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாது. அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

அப்போதுதான் சில்வியா யோசித்தாள். அப்பா கழிப்பறைக்கு ஓடிப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

"அப்படின்னா கேட்டிருக்கு. நிறுத்தாதீங்க" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் ஃபிராங்க்ளினிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"பரவால்லீங்கக்கா. மாத்திரைன்னாலே அங்கிளுக்குக் கோவம் வருது. அதான் சொல்லாம மோர்ல பிரிச்சுப் போட்டேன்" என்றான் அவன். சில்வியாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அந்த வருஷத் திருவிழாவுக்கு மதலைமுத்துவும் பஸ் ஏறினார். தெருவே கைதட்டியது. நகைகளை வழக்கம்போல அவர் பீரோவிலேயே வைத்துப் பூட்டினார்கள். பல வருஷப் பழக்கம், யாருக்கும் வேறொன்றும் தோன்றவில்லை. லீவு கிடைக்காத ஃபிராங்க்ளின் தெருமுனை வரை வந்து டாட்டா காட்டினான்.

தொப்பூர் கணவாயில் டீக்கு நிறுத்தியபோதுகூட மதலைமுத்து சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. மாதா முன்னால் இசபெல்லாவின் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். இந்த முறை சந்தோஷத்தில்.

திரும்பி வந்து பார்த்தால் பீரோ திறந்து கிடந்தது. தெருவின் நகைகளில் ஒரு குண்டுமணிகூட மிச்சமில்லை.

"மாடியில இருந்த ஃபிராங்க்ளினையும் காணோங்க சார். திருடனுங்க அவர என்ன பண்ணானுங்களோ!" என்று இன்ஸ்பெக்டரிடம் அழுதாள் சில்வியா. "அப்பா வயித்தையே குணமாக்குன புள்ளைங்க அது."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்லாத்தான் குணமாக்குவான்மா, போன வருசம் அரூர்ல ஒரு பெரியவரோட மூட்டுவலியக் குணமாக்கினான், அவரு தீர்த்தமலை ஏறி எறங்கறதுக்குள்ள வூடு காலி."