அசல் பானியேக்காரர்

“கடவுள் உலகத்தைப் படைச்சப்போ முதல்ல இந்தப் பானியே மேட்டைத்தான் படைச்சார் தம்பி. மீந்துபோன கல்லுல கட்டினதுதான் மிச்ச மார்செய் பட்டணம். பானியேக்காரன் கண்ணை மூடிக்கிட்டு நடந்தாலும் கால் தானா வீட்டுக்குப் போய்ச் சேரும்.”

இதைச் சொன்ன ஒனொரா சிரிக்கவில்லை. பானியே பெத்தாங்க் சங்கத்தின் தலைவர் அவர். இரும்புக் குண்டு எறியும் அந்த ஆட்டத்தில் சிரிக்க எதுவுமில்லை என்பது அவர் கொள்கை.

ரெமி பயபக்தியோடு தலையாட்டினான். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். பானியேவில் குடியிருப்பவன் மட்டுமே பானியே அணியில் ஆடலாம். இந்த வசந்தத்தில் தலைவரானதும் ஒனொரா கொண்டுவந்த விதி இது. சந்தேகம் வந்தால் ஆளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் முழுக்கப் பேட்டையைச் சுற்றி, அவரே சோதித்துவிடுவார்.

ரெமியின் வீடு ஓபாஞ் ஊரில். அந்த ஊர் அணி அவனைக் கழற்றிவிட்டிருந்தது. இங்கேயும் இடம் போனால் இந்த ஆண்டு அவன் குண்டுகள் கட்டிலுக்கடியில்தான் உருளும். ஆகவே இங்கே ஒரு சந்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் அறையை ஒரு வாரத்துக்கு எடுத்து, தெருக்களை மனப்பாடம் செய்திருந்தான்.

“காற்றாலைச் சதுக்கத்துக்குப் போகணும். எந்தச் சந்துன்னு சொல்லாதே. முன்னால நடந்து காட்டு.”

ரெமி நடந்தான். படிக்கட்டில் இரண்டு பெண்கள் சக்கரப் பெட்டிகளைக் கடகடவென்று இழுத்தபடி, போனைப் பார்த்துப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.

“பாரு, போனை மூக்குல ஒட்டிக்கிட்டு அலையுதுங்க,” என்றார் ஒனொரா. “ராத்திரிக் கணக்குல ரூம் எடுத்துத் தங்கிட்டு, ஊருக்குப் போய் ‘நாங்க பானியேல இருந்தோம்’னு சொல்லும். நானா இருந்தா வெக்கத்துல கடல்ல குதிச்சிடுவேன்.”

ரெமி தன் போனைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினான்.

சதுக்கத்தில் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். மாடிகளில் காயும் துணிகளைத் தலைவர் ஒரு மணி நேரம் மேற்பார்வையிட்டார். பிறகு ஜோசியான் அம்மாவின் மதுக்கடைக்குப் போனார்கள்.

“என்ன ரெமி, வழக்கமானதுதானே?” என்றாள் அவள்.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவன் வாரம் முழுக்க அங்கே பாஸ்தீஸ் குடித்திருந்தான்.

“ஐயாவுக்கு என்ன?”

ஒனொரா ரெமியின் காதோரம் சாய்ந்தார். “பார்த்தியா, என்னை யாருன்னே தெரியாத மாதிரி கேக்குறா. அவ்வளவு பழக்கம்.”

கடலைமாவுப் பனீஸ் ஒரு தட்டு காலியானதும் சோதனை தொடர்ந்தது. சந்துகள் பிரியும் இடமெல்லாம் தலைவர் குனிந்து ஷூ லேஸைச் சரிசெய்தார். ரெமி ஒரு பக்கம் திரும்பிய பிறகே நிமிர்ந்தார். கொஞ்சமும் தயவில்லாத சோதனை.

ஓரிடத்தில் ரெமி தவறிவிட்டான். சந்து ஒரு சுவரில் போய் முட்டி நின்றது.

“தலைவரே, இது வந்து...”

ஒனொரா சுவரை மேலும் கீழும் பார்த்தார். “தெரியும். வேணும்னுதான் விட்டேன். நீ எப்படிச் சமாளிக்கிறேன்னு பார்க்கணும்ல?”

சமாளித்து, வெயில் சாயும் நேரத்துக்கு அவரைத் துறைமுகத்துக்கு மேலே இருக்கும் லாஞ்ச் சதுக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தான் ரெமி. தலைவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“தேறிட்டே. ஞாயித்துக்கிழமை குண்டோட வந்துடு. நீ அசல் பானியேக்காரன்டா!”

ரெமிக்குக் கண் கலங்கியது. “உங்களை வீடு வரைக்கும் கொண்டுவந்து விடட்டுமா தலைவரே?”

“எனக்கே வழி காட்டுறியா?” விறைத்துக்கொண்டு அவர் ஒரு சந்துக்குள் மறைந்தார்.

தன் அறைக்குள் நுழைவதை அவர் பார்த்துவிட்டால் எல்லாம் கெட்டது. ரெமி ஒரு காப்பி குடித்து நேரத்தைக் கடத்தினான். பிறகு மேட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பின்பக்கமாகத் தன் சந்தை அடைந்தான்.

அந்தச் சந்தின் சுவரில் எண் பூட்டுப் போட்ட சின்ன இரும்புப் பெட்டிகள் வரிசையாகத் தொங்கும். ஓரிரு இரவுக்கு வருபவர்களுக்கு வீட்டுக்காரர்கள் அதில்தான் சாவியை வைத்துவிட்டுப் போவார்கள். ரெமியின் பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டியோடு யாரோ ஒரு பயணி குனிந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பாவம், உதவலாம் என்று ரெமி அருகில் போனான்.

போனை மூக்கோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வோர் எண்ணாகப் பார்த்துப் பார்த்து, சத்தமில்லாமல் பூட்டைத் திருகிக்கொண்டிருந்தார் ஒனொரா.