மொட்டைக் கரடு

சேந்தமங்கலத்துக்கு அருகே இருந்த மொட்டைக் கரடு என்ற பாறைக் குன்றுக்குத் தான் வருவது இதுதான் முதல்முறை என்று பிரான்சிஸ் சொல்லியிருந்தான். ஆனால் செங்குத்தான இடத்தில்கூட அவன் பாறையைப் பார்க்காமலே இடுக்குகளைச் சரியாகப் பற்றினான். பின்னால் தவழ்ந்து ஏறிய ஜெர்லினுக்கு மனசு உறுத்தியது. கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது. இங்கே யாரோடு வந்திருப்பான்?

பாதி வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண், "உங்க ஊட்டுக்காரரு போன வாரமும் வந்தாருங்களே" என்றாள்.

பிரான்சிஸ் அதற்குள் மேல் பாறைக்கு ஏறிவிட்டிருந்தான். ஜெர்லின் குரலைத் தாழ்த்தினாள். "கூட யாருங்க வந்தாங்க?"

"ஏனுங்க, நீங்கதான். இதே மஞ்சச் சுடிதாருல."

அந்தச் சுடிதாரை அவள் நேற்றுத்தான் வாங்கினாள். போன வாரம் முழுக்க அம்மா வீட்டில் இருந்தாள்.

"பொழுது சாய அவரு மட்டுந்தான் எறங்கிப் போனாரு. நீங்க எந்தப் பக்கமா எறங்குனீங்கன்னு எனக்கு ஒரே ரோசனைங்க."

ஜெர்லின் அண்ணாந்து பார்த்து, "தலை சுத்துதுங்க. நான் கீழ போயிடறேன்" என்றாள்.

பாறை விளிம்பில் குப்புறப் படுத்து, பிரான்சிஸ் அவளை நோக்கிக் கையை நீட்டினான். முகத்தில் அன்பான சிரிப்பு.

"போன தடவையும் இதையேதான் சொன்னே. வா."