ஏழு பேர் நடந்த நடை

சிறுசேரி கம்பெனியில் நிரந்தர ஊழியர்களுக்கெல்லாம் அடி எண்ணும் கைப்பட்டை கொடுத்து ஆறு மாதம் ஆகிறது.

“மோகன்ராஜ், உங்க டீம்ல ஏழு பேரும் தினம் இருபதாயிரம் அடி நடக்கிறீங்க. நம்ம இன்சூரன்ஸ் பிரீமியமே குறைஞ்சிடுச்சு” என்று பூரித்தார் எச்.ஆர். சத்யப்ரியா.

“எல்லாம் நீங்க கொடுத்த ஊக்கம்தான் மேடம்” என்று நெளிந்தான் மோகன்ராஜ்.

“ஆனா போன வியாழக்கிழமை ஏழு பேருமே நூறு அடி தாண்டலையே, ஏன்?”

மோகன்ராஜ் முழுக்கைச் சட்டையின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

நாலு மாடிக்கும் டீ சுமக்கும் சரசு அக்கா, கோப்பையை மேசையில் வைக்கக் கையை நீட்டினாள். யூனிஃபார்ம் கோட்டின் கை மேலேறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏழு பட்டைகள்.

“அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் மேடம். வூட்லயே படுத்துகினு கெடந்தேன்.”